பழைய மஸ்டாங்குக்கு எக்ஸ்ப்ளோரரின் பின் அச்சு: பலம் எங்கே கூடுகிறது, வேலை எங்கே இருக்கிறது

1965, 1966-ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் பின்புறம் குனிந்து பார்த்தால், அது தொழிற்சாலையிலிருந்து எந்த எஞ்சினோடு வெளியே வந்தது என்பதைப் பின் அச்சே சொல்லிவிடும். ஆறு சிலிண்டர் வண்டிகளில் சக்கரத்துக்கு நான்கு போல்ட்டுகளும், உள்ளே 7.25 அங்குல விட்டமுள்ள கிரவுனும் (சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) இருக்கும். வி-8 வண்டிகளில் ஐந்து போல்ட்டுகளும் 8 அங்குல கிரவுனும் இருக்கும். 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் 289 கன அங்குல எஞ்சினை வாங்கியவர்களுக்கு மட்டும் 9 அங்குல அச்சைக் கொடுத்தார்கள். அன்றைய எஞ்சின்களுக்கும் அன்றைய குறுகலான டயர்களுக்கும் இந்த அளவுகள் சரியாகவே பொருந்தின. பிற்காலத்து 302 எஞ்சின், ஐந்து கியர் கொண்ட டி-5 பெட்டி, அகலமான ரேடியல் டயர் ஆகியவை அதே வண்டியில் ஏறிய பிறகுதான், பின்னால் இருக்கும் அந்தப் பழைய அச்சு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பலர் கண்டுகொண்ட விடை, 1991 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் அச்சு. 2002-இல் அந்த வண்டி பின்புறத்தில் தனித்தனிச் சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டதால், பழைய மஸ்டாங்குக்கு உதவக்கூடிய ஒரே உடலான அச்சு அதற்கு முந்தைய வண்டிகளில்தான் கிடைக்கும். இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பலத்தையே பேசுகிறார்கள். என் கணிப்பில் பலம் இந்த வேலையின் எளிதான பகுதி, அதை வாங்கிவிடலாம். எட்டில் ஒரு அங்குலம், ஒரு டிகிரி, ஒரு பற்றவைப்பின் சூடு என்று சின்னச் சின்ன அளவுகளில்தான் இந்த மாற்றம் நன்றாக அமைகிறதா, வண்டியைக் கெடுக்கிறதா என்பது முடிவாகிறது. அந்த அளவுகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்குவதே இங்கே என் நோக்கம்.

முதலில், அச்சின் நடுவில் அமர்ந்திருக்கும் டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரென்ஷியல் வழிவிடுகிறது. சாதாரண டிஃபரென்ஷியல் வேகத்தைப் பிரித்துக்கொடுத்தாலும் முறுக்குவிசையை எப்போதும் இரு பக்கமும் சமமாகத்தான் பகிர்கிறது. ஒரு சக்கரம் ஈரப் புல்லில் நின்று சுழன்றால், அதைச் சுழற்றத் தேவையான அந்தச் சொற்ப விசை மட்டுமே, உலர்ந்த தார்ச்சாலையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் போகும். எஞ்சினிடம் எவ்வளவு பலம் இருந்தாலும் வண்டி நகராது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இந்தச் சமப் பகிர்வை ஓரளவு உடைக்கிறது. ஃபோர்டு தன் டிராக்‌ஷன்-லாக்கில் பயன்படுத்திய முறையில், பக்கக் கியர்களுக்குப் பின்னால் எஃகுத் தட்டுகளும் உராய்வுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள ஒரு ஸ்பிரிங் அவற்றை எப்போதும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வைத்திருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கியர்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையும் அந்த அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழல முயன்றால் இந்தத் தட்டுகளின் உராய்வு அதைப் பிடித்து, அந்த விசையை மெதுவாகச் சுழலும் பக்கத்துக்கு அனுப்புகிறது.

இந்த எண்ணம் பழையது. 1930-களின் நடுவில் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளில் ஒரு பின்சக்கரம் அதிவேகத்திலும் சறுக்கிச் சுழன்றதால், ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்திடம் இதற்கு ஒரு தீர்வு கேட்டார். அங்கிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு இது 1956-இல் பேக்கார்டு வழியாகவும், 1957-இல் செவ்ரோலெட்டின் பாஸிட்ராக்‌ஷன் வழியாகவும் வந்து சேர்ந்தது.

பழைய மஸ்டாங்கின் அச்சில் இந்தத் தேவை இரட்டிப்பாகத் தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எஞ்சினிலிருந்து பின்னோக்கி வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தன் முறுக்கை அச்சின் உடலுக்கும் கொடுக்கிறது. அந்த முறுக்கு அச்சின் வலப்பக்கத்தைத் தூக்கவும் இடப்பக்கத்தை அழுத்தவும் பார்க்கிறது. அதனால் பலமாகக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வலது பின்சக்கரத்தின் மீதான எடை குறைகிறது. சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள இத்தகைய வண்டிகள் சாலையில் விட்டுச்செல்லும் ஒற்றைக் கருப்புக் கோடு பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

இனி, பலமும் லிமிடெட் ஸ்லிப்பும் ஏன் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே வர வேண்டும் என்ற இடத்துக்கு வருகிறோம். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளான பழைய ஆக்சில் ஷாஃப்டுகளோடு லிமிடெட் ஸ்லிப்பை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கமாட்டார். சாதாரண டிஃபரென்ஷியல், தன்னையறியாமல், ஒரு பாதுகாப்பு அமைப்பாகவும் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஆக்சில் ஷாஃப்டுக்கும் மொத்த விசையில் பாதிதான் வரும். ஒரு டயர் சறுக்கிவிட்டால் இரு பக்கத்திலும் சுமை உடனே விழுந்துவிடும். லிமிடெட் ஸ்லிப் இந்த இரண்டையும் பறித்துக்கொள்கிறது. பிடிமானமுள்ள சக்கரத்தின் ஷாஃப்ட் இப்போது பாதிக்கும் மேற்பட்ட விசையைச் சுமக்கிறது. டயர் எளிதில் சறுக்காததால் அந்தச் சுமை நீடிக்கவும் செய்கிறது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 2.78, பின் அச்சின் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்ற வேண்டிய சுற்றுகள்) 3.00 என்றால், இரண்டையும் பெருக்க 8.34 வருகிறது. டி-5 பெட்டியில் முதல் கியர் 3.35; எக்ஸ்ப்ளோரர் அச்சில் பரவலாகக் கிடைக்கும் விகிதங்களில் ஒன்று 3.55, பெருக்கினால் ஏறத்தாழ 11.9. அதாவது எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமலேயே, கியர் மாற்றங்களால் மட்டும், பின் அச்சின் மீதான முறுக்கு 43 விழுக்காடு கூடிவிடுகிறது. 300 பவுண்டு-அடி முறுக்கு தரும் எஞ்சின் முதல் கியரில் ஆக்சில் ஷாஃப்டுகளுக்கு மொத்தமாக அனுப்புவது சுமார் 3,570 பவுண்டு-அடி. இதில் பாதியைச் சுமப்பதற்கும், முக்கால் பங்கை ஒரே ஷாஃப்டில் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

ஒரு உருண்டைக் கம்பி முறுக்கைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. மஸ்டாங்கின் 8 அங்குல அச்சின் ஷாஃப்டுகளின் உள்முனையில் 28 பற்கள். எக்ஸ்ப்ளோரர் ஷாஃப்டுகளில் 31. மூன்று பற்கள் கூடுவது பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் 31-ஐ 28-ஆல் வகுத்து மும்மடியாக்கினால், ஒரே தரமான எஃகாக இருக்கும்பட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பலம் கூடுகிறது. கிரவுன் பெரிதாவதால் பற்களின் மீதான சுமையும் குறைகிறது. எக்ஸ்ப்ளோரர் அச்சின் குழாய்கள் 3.25 அங்குல விட்டம் கொண்டவை என்பதால் எளிதில் வளைவதும் இல்லை.

இதே பணியை 9 அங்குல அச்சும் செய்யும்; பலத்தை மட்டும் பார்த்தால் அதற்கு இன்னும் ஒரு படி மேலான இடம் உண்டு. 1957 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட அந்த அச்சில், கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் முன்னும் பின்னும் பேரிங் இருப்பதால் கடும் சுமையிலும் பினியன் விலகிப்போவதில்லை. நடுப்பகுதி முழுவதையும் கழற்றி மேசையில் வைத்துச் சரிசெய்யவும் முடியும். ஆனால் அதன் பினியன் கிரவுனின் மையத்துக்கு வெகுவாகக் கீழே அமர்ந்திருப்பதால் பற்கள் ஒன்றின் மீது ஒன்று அதிகமாக வழுக்குகின்றன. அந்த வழுக்கல் உராய்வாகவும் சூடாகவும் வீணாகிறது. சாலையில் ஓட்டும் வண்டிக்கு 8.8 அங்குல அச்சே பொருத்தமானது என்பது என் கருத்து. அதன் பலம் போதுமானது, இழப்பு குறைவு, 1995 முதல் வந்த வண்டிகளில் டிஸ்க் பிரேக்கும் கூடவே வருகிறது, சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளும் வி-8 மஸ்டாங்கின் அதே 4.5 அங்குல வட்டத்தில் அமைந்திருக்கின்றன. ஆறு சிலிண்டர் வண்டியை மாற்றுகிறவர் மட்டும் முன்சக்கரங்களையும் ஐந்து போல்ட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

8.8 அங்குல அச்சின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அதன் ஆக்சில் ஷாஃப்டுகளை உள்ளே பிடித்துவைப்பவை, டிஃபரென்ஷியலுக்குள் ஷாஃப்டின் நுனியில் உள்ள பள்ளத்தில் அமரும் சிறிய சி-கிளிப்புகள். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் அதோடு வெளியே வழுக்கி வர வாய்ப்பிருக்கிறது. 8 அங்குலம், 9 அங்குலம் ஆகிய பழைய அச்சுகளில் ஷாஃப்டை வெளிமுனையில் பேரிங் தகடு பிடித்திருப்பதால் இந்த அபாயம் குறைவு. டிஸ்க் பிரேக்கில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் சக்கரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும் என்று சொல்வதுண்டு. அதை நம்பி ஒரு பழைய ஷாஃப்டைப் பரிசோதிக்காமல் மாட்டுவது தவறு. பேரிங் உருளைகள் நேரடியாக ஷாஃப்டின் மீதே ஓடுவதால், அந்த இடத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, பள்ளமோ உரிவோ தட்டுப்பட்டால் அந்த ஷாஃப்டை ஒதுக்கிவிட வேண்டும்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் சரியான அச்சை அடையாளம் காண்பது பொறுமையான வேலை. வண்டியின் அடியில் படுத்து, டிஃபரென்ஷியலின் பின்மூடியில் உள்ள போல்ட்டுகளில் ஒன்றோடு சேர்த்து மாட்டப்பட்டிருக்கும் சிறு உலோகத் தகட்டைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் எண்ணெயும் மண்ணும் கெட்டிப்பட்டு மூடியோடு ஒட்டியே இருக்கும். கம்பித் தூரிகையால் நான்கு தேய்ப்புத் தேய்த்தால் எழுத்துகள் மெல்லத் தெளியும். 3எல்73 என்று இருந்தால் விகிதம் 3.73, நடுவிலுள்ள எல் என்ற எழுத்து லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கிறது. எல் இல்லாவிட்டால் அது சாதாரண டிஃபரென்ஷியல். தகடு சொல்வது தொழிற்சாலையில் என்ன மாட்டினார்கள் என்பதை மட்டுமே. இப்போது அந்தத் தட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அது சொல்லாது. இரண்டு பின்சக்கரங்களும் தரையைத் தொடாமல் இருக்கும்போது ஒன்றைக் கையால் சுழற்றினால் மற்றதும் அதே திசையில் சுழல வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால் தட்டுகள் தேய்ந்து போயிருக்கின்றன. மூடியைத் திறக்க அனுமதித்தால் எண்ணெயையும் பார்க்கலாம்: கரும் பசைபோன்ற படிவு தட்டுகளின் தேய்மானம், மினுமினுக்கும் துகள்கள் கியரிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ உதிர்ந்தவை.

தட்டுகள் தேய்ந்திருப்பது அச்சை நிராகரிக்கக் காரணமல்ல. கிரவுன், பினியன் இரண்டையும் அவற்றின் பழைய அமைவிலேயே விட்டுவிட்டு, தட்டுகளின் அடுக்கை மட்டும் புதிதாக மாற்ற முடியும். கிரவுன் விகிதத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை. பினியனின் ஆழத்தை ஷிம் தகடுகளால் நிர்ணயித்து, நசுங்கும் உறையை இறுக்கிப் பேரிங்கின் முன்னழுத்தத்தைக் கொண்டுவந்து, பற்களுக்கிடையே உள்ள இடைவெளியை டயல் கேஜால் அளந்து, சாயம் தடவி, பற்கள் தொடும் தடத்தைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஃபோர்டு அனுமதிக்கும் இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 8 முதல் 15 பங்கு வரை. இதில் அனுபவம் இல்லாதவர், தனக்குத் தேவையான விகிதத்திலேயே ஒரு அச்சு கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

இனி அளவுகள். 1965, 1966 மஸ்டாங்கின் பின் அச்சு, ஒரு சக்கரம் அமரும் முகத்திலிருந்து மறு சக்கரம் அமரும் முகம் வரை சுமார் 57.25 அங்குலம். எக்ஸ்ப்ளோரரின் அச்சு சுமார் 59.5 அங்குலம். பக்கத்துக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடுதான் என்றாலும், அந்த வண்டியின் பின்சக்கர வளைவு குறுகலானது என்பதால் டயரின் வெளிமுனை மட்கார்டின் உதட்டில் உரசிவிடும். இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. அதைக் கேட்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். எக்ஸ்ப்ளோரர் அச்சில் பினியன் நடுவில் இல்லை. வலப்பக்கத்து ஷாஃப்ட் இடப்பக்கத்து ஷாஃப்டைவிட ஏறத்தாழ 3 அங்குலம் குட்டை. ஆகவே நீளமான இடப்பக்கக் குழாயை அந்த அளவுக்குக் குறைத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து எடுத்த வலப்பக்கக் குட்டை ஷாஃப்டை அங்கே மாட்டினால், புதிதாக ஷாஃப்ட் எதையும் செய்துகொள்ளாமலே அச்சின் அகலம் மஸ்டாங்கின் பழைய அகலத்துக்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் அருகில் வந்துவிடுகிறது. கூடவே பினியனும் நடுவுக்கு வருகிறது.

குழாயைக் குறைப்பது என்றால், பேரிங் அமரும் முனைப்பகுதியைக் கழற்றி எடுத்து, குழாயை வெட்டி, அந்த முனையை மீண்டும் பற்றவைப்பது. இங்கே கண் மட்டத்தை நம்பக்கூடாது. டிஃபரென்ஷியலின் பேரிங் இருக்கைகளிலும் குழாயின் முனையிலும் கடைந்தெடுத்த வளையங்களை வைத்து, அவற்றின் ஊடாக ஒரு நேரான தடித்த எஃகுக் கம்பியைச் செலுத்தி, அந்தக் கம்பி தடையில்லாமல் சுழலும் நிலையில்தான் முனையைப் பற்றவைக்க வேண்டும். முனை சற்றுச் சாய்ந்து அமர்ந்தாலும் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் ஆயில் சீல் அடிக்கடி கசியும், பேரிங் ஒரு பக்கமாகத் தேயும், டயர் ஒரு ஓரத்தில் கரையும். காரணத்தை டயரிலும் சீலிலும் தேடி அலைகிறவருக்கு, அது குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது என்று தோன்றவே நாளாகும்.

பற்றவைப்பின் சூட்டைப் பற்றியும் இங்கேயே பேச வேண்டும். எக்ஸ்ப்ளோரரின் அச்சில் பட்டை ஸ்பிரிங்குகள் அமரும் பழைய இருக்கைகளை வெட்டி அகற்றிவிட்டு, மஸ்டாங்கின் பட்டைகளுக்கேற்ப மையத்திலிருந்து மையம் 43 அங்குல இடைவெளியில் புதிய இருக்கைகளை வைக்க வேண்டும். குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளமாகப் பற்றவைத்தால், ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி, குழாய் அதை நோக்கி வளையும். ஒரு அங்குலம் பற்றவைத்து, எதிர்ப்பக்க இருக்கைக்குப் போய் ஒரு அங்குலம் பற்றவைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு மீண்டும் தொடர்வதே முறை. நீரையோ காற்றையோ பாய்ச்சி அவசரமாக ஆற்றக்கூடாது. குழாய்கள் வார்ப்பிரும்பு நடுப்பகுதிக்குள் அழுத்திச் செருகப்பட்டு, துளைகள் வழியே சில இடங்களில் மட்டும் பற்றவைக்கப்பட்டவை. கடும் முறுக்கில் குழாய் நடுப்பகுதிக்குள்ளேயே சுழன்றுவிடாமலிருக்கச் சிலர் அங்கேயும் சுற்றிப் பற்றவைக்கிறார்கள். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கலந்த கம்பியால் பற்றவைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்டால், பினியன் கோணத்துக்கே அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள வளையும் மூட்டுகளான கிராஸ் ஜாயிண்டுகள் ஒரு கோணத்தில் வேலை செய்யும்போது வேகத்தைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு முழுச் சுற்றுக்குள் ஷாஃப்ட் இருமுறை வேகம் கூடி இருமுறை குறைகிறது. முன்னால் உள்ள ஜாயிண்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தை, அதே அளவு கோணத்தில் இருக்கும் பின் ஜாயிண்ட் எதிர்மாறாகச் செய்து சமன்படுத்துகிறது. கியர் பெட்டியின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இரு கோணங்களும் சமமாகும். பினியன் சற்று இடவலமாக விலகியிருப்பதுகூடக் குற்றமில்லை. இணையாக இருக்கிறதா என்பதே கேள்வி. கோணம் முற்றிலும் பூஜ்யமாகவும் இருக்கக்கூடாது. ஜாயிண்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் நின்று அழுந்திப் பள்ளம் போட்டுவிடும் என்பதால், ஏறத்தாழ ஒரு டிகிரியாவது அசைவு வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சை இடத்தில் பிடித்துவைக்கும் வேலையையும் அந்தப் பட்டைகளே செய்கின்றன. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் சக்கரங்கள் முன்னோக்கிச் சுழல, அச்சின் உடல் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கிறது. பட்டைகள் ஆங்கில எஸ் வடிவில் முறுகிக்கொள்ள, பினியனின் மூக்கு மேலே எழுகிறது. ஆகவே வண்டி நிற்கும்போது இணையாக இருக்கும் பினியன், ஓடும்போது இணையாக இருப்பதில்லை. இதை ஈடுசெய்ய, இணையான நிலையிலிருந்து பினியனின் மூக்கை இரண்டு டிகிரி அளவுக்குத் தாழ்த்தி வைக்கிறார்கள். கியர் பெட்டியின் தண்டு பின்னோக்கி 3 டிகிரி கீழ்நோக்கிச் சரிந்திருந்தால், பினியன் 3 டிகிரி மேல்நோக்கிப் பார்ப்பது இணை. அதில் இரண்டைக் கழித்து 1 டிகிரி மேல்நோக்கி வைப்பது வேலைக்குரிய அளவு.

இந்த அளவை மேசையில் வைத்து எடுக்க முடியாது. இருக்கைகளைப் பற்றவைக்காமல் பட்டைகளின் மீது சும்மா வைத்து, யு-போல்ட்டுகளை லேசாக இறுக்கி, சக்கரங்களை மாட்டி, வண்டியின் முழு எடையும் டயரில் இறங்கிய பிறகுதான் கோணமானியைப் பினியன் முகத்தில் வைக்க வேண்டும். அப்போது அச்சை இருக்கைகளுக்குள் மெல்லச் சுழற்றினால், எண் பத்தில் ஒரு டிகிரியாக நகர்வதைப் பார்க்கலாம். சரியான எண் வந்ததும் இரு பக்கமும் இரண்டிரண்டு புள்ளிகளாகப் பற்றவைத்துவிட்டு, பட்டையின் முன்முனைக் கண்ணிலிருந்து குழாய் வரையுள்ள தூரம் இடத்திலும் வலத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து, அதன்பின் அச்சை வெளியே எடுத்து முழுமையாகப் பற்றவைப்பதே வரிசை. இங்கே அவசரப்பட்டவர்கள் பின்னால் ஆப்பு வடிவத் தகடுகளைச் செருகிக் கோணத்தைத் திருத்துகிறார்கள். ஒரு டிகிரிக்கு அது நல்ல வழி. நான்கு டிகிரிக்கு அல்ல.

புரொப்பல்லர் ஷாஃப்டைப் பொறுத்தவரை, எக்ஸ்ப்ளோரரின் பினியன் முனையில் வட்டத் தட்டு இருப்பதால் அதற்கேற்ற இணைப்பு வேண்டும், நீளமும் மாறும். வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது, கியர் பெட்டிக்குள் வழுக்கிச் செல்லும் முன்முனையில் முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை உள்ளே செல்ல இடம் மீதம் இருக்குமாறு அளந்து, வெட்டியபின் சமநிலை பார்க்கக் கொடுக்க வேண்டும்.

பிரேக்கில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. பழைய மஸ்டாங்கில் பின்பக்கம் டிரம் பிரேக். 1966 வரை, மிதியின் விசையைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரும் ஒரே அறை கொண்டது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழக்கும். பின்னால் டிஸ்க் வரும்போது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிடுவதே முறை. டிரம்முக்காகக் குழாயில் எப்போதும் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால் அதை அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்கை அழுத்தும் உராய்வுப் பட்டைகள் ஓயாமல் உரசிச் சூடேறும். முன்பக்கம் டிரம்மை வைத்துக்கொண்டு பின்பக்கம் மட்டும் டிஸ்க் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அழுத்தமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் லேசாகிவிடுவதால், முன்சக்கரங்களுக்கு முன்பே பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பி நிற்கும். முன்னாலும் டிஸ்க், நடுவில் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வு, ஈரமான காலி இடத்தில் முன்சக்கரங்களே முதலில் பூட்டும்வரை அதைச் சரிசெய்தல் என்ற வரிசையை விட்டுவிடக்கூடாது. கைப்பிரேக் கம்பியையும் மறந்துவிடக்கூடாது. எக்ஸ்ப்ளோரர் டிஸ்கின் நடுக்குமிழுக்குள் சிறிய டிரம்மாக அமைந்திருக்கும் அதன் கைப்பிரேக்குக்கு, மஸ்டாங்கின் கம்பியை நீளத்திலும் முனையிலும் மாற்றித்தான் இணைக்க முடியும்.

விகிதத் தேர்வில் கியர் பெட்டிதான் முடிவு சொல்ல வேண்டும். 25 அங்குல டயரோடு மணிக்கு 60 மைலில் போகும்போது, 3.00 விகிதமும் நான்கு கியர் பெட்டியும் உள்ள வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,420 சுற்றுகள் சுற்றும். 3.55 போட்டால் அது 2,860 ஆகும். நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் அந்த இரைச்சலோடு ஓட்டுவது சலிப்பானது. டி-5 பெட்டியின் ஐந்தாம் கியர் 0.68 என்பதால், அதே 3.55 அங்கே 1,950-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் நான்கு கியர் பெட்டியையே வைத்திருப்பவர் எக்ஸ்ப்ளோரர் அச்சுகளில் கிடைக்கும் 3.27-ஐத் தேடுவதும், ஐந்து கியர் வைத்திருப்பவர் 3.55 அல்லது 3.73-ஐ எடுப்பதும் பொருத்தம். ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டியின் வெளித்தண்டிலிருந்து சுழல்வதால், 3.00-இலிருந்து 3.55-க்கு மாறினால் உண்மையான 60 மைலுக்கு 71 என்று காட்டும்; கம்பியின் முனையிலுள்ள பிளாஸ்டிக் கியரை அதிகப் பற்கள் உள்ளதாக மாற்றினால் சரியாகும்.

மாற்றத்துக்குப் பின் வண்டியின் குணமே மாறுகிறது என்பதை ஓட்டுநர் உணர வேண்டும். உலர்ந்த சாலையில் நேராகக் கிளம்பும்போதும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் கிடைக்கும் ஆதாயம் உடனே தெரியும். ஈரச் சாலையில் நிலைமை வேறு. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் சறுக்கிச் சுழன்றாலும், மற்ற சக்கரம் சுழலாமல் வண்டியின் வாலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் ஒன்றாகச் சுழலும். அப்போது பக்கவாட்டில் பிடித்துவைக்க எதுவும் மிச்சமில்லை. சாலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வால் இறங்கும். புதிய அச்சோடு முதல் மழையில் வண்டியை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இதை யாராவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பழைய வண்டியின் அசல் தன்மையைக் கெடுக்கிறோமோ என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. இந்த மாற்றத்தில் வெட்டுவதும் பற்றவைப்பதும் எக்ஸ்ப்ளோரரின் அச்சில்தான். மஸ்டாங்கின் உடலில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. கழற்றிய பழைய அச்சையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் பிரேக் உறுப்புகளையும் எண்ணெய் தடவிச் சுற்றிப் பத்திரப்படுத்திவைத்தால், வண்டியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இரண்டு நாள் வேலை.

புதிய தட்டுகள் போட்ட டிஃபரென்ஷியலில் ஜிஎல்-5 தர எண்ணெயோடு உராய்வு மாற்றும் சேர்மமும் ஊற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து, பின்புறத்திலிருந்து ஒரு முனகலும் அதிர்வும் கேட்கும். காலி இடத்தில் எட்டுப் போட்டபடி மெதுவாகப் பத்துப் பதினைந்து சுற்று ஓட்டினால் சேர்மம் தட்டுகளுக்கிடையே பரவி அந்த ஒலி அடங்கும். முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகு வண்டியைத் தூக்கி, யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, இரு சக்கர முனைகளிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, பின்சக்கர வளைவின் உட்புறத்தில் விளக்கடித்துத் தேட வேண்டும். டயர் எங்கேனும் உரசியிருந்தால், அந்த இடத்தில் அழுக்கு துடைத்தெடுக்கப்பட்டு, விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான கோடு தெரியும்.